‘ஹீ’ என்றால் யார்?

ஜூன் 3, திங்கள்

மன்னார்குடியிலிருந்து கரூர் வந்து சேர்ந்தேன். பதினான்கு வருடம் கல்லூரியில் ஆங்கிலம் போதித்த எம்.ஏ., எம்.ஃபில். தியாகசுந்தரம், இன்று முதல் சமையலறைத் துண்டு நெய்து டென்மார்க்குக்கு அனுப்பும் கம்பெனியில் ‘இங்கிலீஷ் சார்’. ஆங்கிலத் துறையில் பிள்ளைகள் சேரவில்லை என்று கல்லூரி என்னை அனுப்பிவிட்டது. என்னைத் தாங்கும் தகுதி அந்தக் கல்லூரிக்கு இல்லை என்பதே உண்மை. என் மனைவி கமலாம்பிகை இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவள் தொடக்கப்பள்ளி ஆசிரியை. உயர்கல்வியின் சிக்கல்கள் அவளுக்குப் புரியாது.

எம்.டி. குழந்தைசாமியைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, மேஜைமேல் மூன்று செல்போன். ஒரு மாதத்தில் டென்மார்க்கிலிருந்து சரக்கு வாங்கும் பையர் அம்மா வருகிறாராம். அதற்குள் அலுவலக ஆட்கள் நாலு வார்த்தை பேச வேண்டும்.

“கவிதை, நாடகமெல்லாம் வேண்டாமுங்க சார். கேட்டா பதில் சொல்லோணும். கேக்காட்டி சும்மா இருக்கோணும். அவ்வளவுதானுங்க.”

இதற்கு எம்.ஃபில். எதற்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கிளம்பும்போது ஒரு பார்சல் கொடுத்தார். உள்ளே கருநீலத்தில் நான்கு துண்டுகள். “நம்ம சரக்குங்க. வீட்டுக்கு வெச்சுக்கங்க.”

தங்க ஓர் அறை. மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே பேக்கரி. விடிய விடிய பன் வாசனை.

ஜூன் 4, செவ்வாய்

முதல் வகுப்பு. ஏசி போட்ட கான்ஃபரன்ஸ் அறை. ஒன்பது பேர். இவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது? இருப்பதிலேயே சின்னச் சொற்களிலிருந்து தொடங்கினேன். ஐ, வீ, யூ, ஹீ, ஷீ, இட், தே. பெயருக்குப் பதில் நிற்கிற சொல் ப்ரோனவுன். அதில் ஆளைக் குறிப்பது பர்சனல் ப்ரோனவுன். மூன்றாம் வகுப்புப் பாடம். என் வாழ்க்கை இங்கே வந்து நிற்கிறது.

முதல் நாள் என்பதால் எம்.டி.யும் வந்து உட்கார்ந்தார். மெர்ச்சண்டைசர் நவநீதனை எழுப்பி, எதிரில் இருப்பவரிடம் பேசுவதுபோல் ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். இந்த நவநீதன் பையருக்கு மெயில் போடும் பையன். வயது முப்பது, ஷூவின் வயது ஒரு வாரம். எழுந்தான், எதிரில் எம்.டி. இருப்பதைப் பார்த்தான், வியர்த்தான்.

“சார் இஸ் அவர் எம்.டி.,” என்றான்.

“அவரிடமே பேசு. யூ ஆர் அவர் எம்.டி.”

“சார் ஆர் அவர் எம்.டி.”

“யூ!”

“சார், எம்.டி.யைப் பாத்து யூன்னு சொல்லிட்டா நாளைக்கு எனக்கு இங்க நாற்காலி இருக்காதுங்க சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். எம்.டி. சிரிக்கவில்லை. நீ, நீங்கள் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘யூ’ ஒன்றுதான், அரசரையும் அப்படித்தான் அழைப்பார்கள் என்று விளக்கினேன். எம்.டி. யோசித்துவிட்டு, “அவங்க ஊர்ல அப்படிங்க. நம்ம ஊர்ல சார்னே சொல்லட்டும்,” என்றார். கரூர் இலக்கணத்தில் இனி முன்னிலையே கிடையாது.

ஜூன் 7, வெள்ளி

வகுப்பில் ஒரு பெண்மணி இருக்கிறார். பெயர் கோகிலவாணி. செக்கிங் பிரிவுக்கு இன்சார்ஜ். துணியில் சாயம், தையல், அளவு எல்லாம் சரியா என்று பார்த்து அனுப்பும் இடம். நாற்பத்தைந்து வயதிருக்கும். மற்றவர்கள் நான் சொல்வதை எழுதிக்கொள்கிறார்கள். இவர் எழுதாமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு கேட்பார். ஆசிரியர்களுக்குப் பிடிக்காத ரகம்.

இன்று கேட்டது: “ஏனுங் சார், நாங்கன்னாலும் வீ, நாமன்னாலும் வீங்களா?”

“ஆமாம்.”

“அப்ப எம்.டி. ‘வீ’ன்னு சொன்னா, அதுல நாங்க இருக்கறமுங்களா, இல்லீங்களா?”

“அது சொல்பவரின் மனதைப் பொறுத்தது. இலக்கணம் அதைச் சொல்லாது.”

“லாபம் வந்தா இருக்க மாட்டமுங்க. ஓவர்டைம்னா இருப்பமுங்க,” என்று நவநீதன் பின்னாலிருந்து முணுமுணுத்தான். நான் கேட்காததுபோல் பலகையைத் துடைத்தேன். பலகை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஜூன் 10, திங்கள்

பொசசிவ் ப்ரோனவுன். இந்த ஊர்க்காரர்கள் ‘என்னுடைய’ என்பதை ‘என்ற’ என்கிறார்கள். “இது என்ற டம்ளருங்க” என்று ஒருவர் சொல்ல, ‘இது என்ற டம்ளர்’ என்றால் என்ன பொருள் என்று முதல் வாரம் முழுக்கக் குழம்பியிருக்கிறேன். காவிரிக்கரையில் இவ்வளவு தூரம் மேலே வந்தால் தமிழே தடம் மாறிவிடுகிறது.

‘மை’, ‘மைன்’ வேறுபாட்டைக் கல்லூரியில் மூன்று நாள் நடத்துவேன். ‘மை’க்குப் பின்னால் ஒரு பெயர் வர வேண்டும், ‘மைன்’ தனியாக நிற்கும், அதனால் ‘மைன்’தான் அசல் ப்ரோனவுன் என்று தொடங்கியதுமே கோகிலவாணி, “என்ற டம்ளரு, மை. டம்ளரு என்றது, மைன். அதானுங்களே?” என்றார். மற்ற எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். மூன்று நாள் பாடம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. என் போதனா முறையின் வெற்றி என்று இதைக் குறித்துக்கொள்கிறேன்.

ஜூன் 13, வியாழன்

துணி துவைத்தேன். மனைவி இல்லாத ஊரில் மனிதன் கற்றுக்கொள்ளும் முதல் கலை. எம்.டி. கொடுத்த கருநீலத் துண்டு ஒன்றை என் வெள்ளைச் சட்டைகளோடு வாளியில் போட்டேன். அரை மணி கழித்துப் பார்த்தால் வாளி முழுக்க மை. மூன்று சட்டையும் நீலம். கொஞ்சநஞ்ச நீலமில்லை, நீச்சல்குளம்.

கமலாம்பிகையிடம் போனில் சொன்னேன். “புதுத் துணியை யாராவது வெள்ளையோட போடுவாங்களா?” என்றாள். டென்மார்க்கில் போடுவார்களே என்று பிறகுதான் தோன்றியது.

ஜூன் 14, வெள்ளி

வேறு வழியில்லாமல் நீலம் பாய்ந்த சட்டையில் வகுப்புக்குப் போனேன். நவநீதன் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சிரிக்கிறான் என்று நினைத்தேன். வகுப்பு முடிந்ததும் கோகிலவாணி அருகில் வந்தார்.

“எந்தத் துண்டுங்க சார்? எம்.டி. குடுத்ததுங்களா?”

“ஆமாம்.”

“நேவி ப்ளூ லாட்டுங்க அது. வெள்ளத் துணியோட சேத்துத் தொவைச்சுப் பாத்தேன், சாயம் நின்னதே இல்லீங்க. மொத்த லாட்டையும் சிவப்பு நாடா கட்டி ஒதுக்கி வெச்சேன். தேதி போச்சு, கப்பல் போயிரும், லோடு பண்ணுன்னு சொல்லிட்டாரு.”

“யார்?”

“எம்.டி.தானுங்க. வேற யாருங்க சொல்ல முடியும்? நவநீதன் தம்பியுந்தான் பக்கத்துல நின்னுது.”

அந்தத் துண்டுகள் டென்மார்க் கடைகளில் விற்பனையாகி, அங்கே எத்தனையோ வாளிகள் நீலமாகி, புகார்மேல் புகார். பையர் வருவது அதற்குத்தானாம். நான் ஏதோ விருந்துக்கு வருகிறார் என்று நினைத்திருந்தேன்.

“சட்டையைக் குடுங்க சார். ஹைட்ரோஸ்ல முக்கி எடுத்தா நெறம் போயிருமுங்க,” என்றார். சாயப் பட்டறையில் நிறத்தை உரிக்கப் போடும் ஏதோ மாவு. மறுத்தேன். வற்புறுத்தினார். மாலையில் ஒரு புதுச் சட்டை வாங்கி மாற்றிக்கொண்டு மூன்றையும் கொடுத்தேன்.

ஜூன் 17, திங்கள்

எம்.டி. தன் அறைக்கு அழைத்தார். காபி வந்தது, அதுவும் பில்டர் காபி. விஷயம் பெரிது என்று புரிந்தது.

“பையர் மேடம் வந்ததும் ‘ஹூ’ன்னு கேப்பாங்க சார். யாரு இதை அனுப்பினதுன்னு. அதுக்கு ஒரு பதில் தயார் பண்ணிக் குடுங்க. நான் மனப்பாடம் பண்ணிக்கறேன்.”

எழுதிக் காட்டினேன். நாங்கள் சோதிக்காமல் அனுப்பிவிட்டோம், வருந்துகிறோம் என்று ‘வீ’யில் தொடங்கும் இரண்டு வாக்கியம். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“வீ வேண்டாமுங்க. வீன்னா அதுல நானும் வர்றனில்ல?”

“அப்படியானால் ‘தே’ போடலாம். அவர்கள்.”

“தேன்னா நெறைய பேருங்க. கம்பெனியே மோசம்னு நெனைப்பாங்க. ஒரு ஆளாப் போடுங்க.”

“ஹீ?”

“ஷீ,” என்றார். “ஷீ ஃபர்காட். செக்கிங் அவங்கதானுங்களே? பொம்பளை தப்புப் பண்ணிட்டாங்கன்னா மேடமும் பொம்பளை, எரக்கம் வரும்.”

மறந்துவிட்டார் என்ற வினைக்கு ‘ஷீ’ எழுவாய் ஆகலாமா என்று கேட்டார். இலக்கணப்படி பிழை இல்லை என்றேன். கேட்ட கேள்விக்கு அதுதான் சரியான பதில்.

வரும்போது, மேடம் திருப்தியாகப் போய்விட்டால் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகவும் தனி கேபின் தருவதாகவும் சொன்னார். இதற்கும் நான் சொன்ன பதிலுக்கும் தொடர்பில்லை.

ஜூன் 19, புதன்

ரிஃப்ளெக்சிவ், எம்ஃபடிக். ‘செல்ஃப்’ என்று முடியும் குடும்பம். அவன் தன்னையே வெட்டிக்கொண்டான் என்றால் ரிஃப்ளெக்சிவ். செய்தவனே செய்யப்படுபவன். அவனே செய்தான் என்று அழுத்தினால் எம்ஃபடிக். இதில் என்ன சூட்சுமம் என்றால், எம்ஃபடிக்கை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கும். ரிஃப்ளெக்சிவை எடுத்தால் வாக்கியம் விழுந்துவிடும். இந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுத்தபோது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

கோகிலவாணி: “வேற யாருமில்ல, அவரேதான்னு அடிச்சுச் சொல்லோணும்னா எதுங்க சார்?”

“ஹீ ஹிம்செல்ஃப்.”

“ஹீ ஹிம்செல்ஃப்,” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இன்று முழுக்க அறையின் இடப்பக்கம் பார்த்தே பாடம் நடத்தினேன். வலப்பக்கம் ஏசிக் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. கோகிலவாணி உட்காருவதும் அந்தப் பக்கம்தான்.

வகுப்பு முடிந்ததும் ஒரு பை கொடுத்தார். மூன்று சட்டையும் பால் வெள்ளை, இஸ்திரி போட்டு மடித்திருந்தது. நன்றி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

ஜூன் 21, வெள்ளி

தண்ணீர் வரவில்லை. மோட்டார் ரிப்பேர். பேக்கரிக்காரன் இரண்டு குடம் கொடுத்து உதவினான். வகுப்பில் இன்டெஃபினிட் ப்ரோனவுன். எவரோ, எதுவோ, எல்லோரும், ஒருவரும் இல்லை. யாரும் கேள்வி கேட்கவில்லை. நல்லது.

ஜூன் 24, திங்கள்

ஒத்திகை. நான் டென்மார்க் அம்மாவாக நடிக்க வேண்டுமாம். நடித்தேன்.

“ஹூ அப்ரூவ்ட் திஸ்?”

“ஷீ,” என்றார் எம்.டி. “ஷீ ஃபர்காட் டெஸ்டிங். வீ ஆர் வெரி சாரி. வீ ரிமூவ் ஹர்.”

கடைசி வாக்கியம் நான் எழுதியதில் இல்லை. “ரிமூவ் என்றால்...” என்றேன்.

“மேடம் கண்ணுக்கு முன்னால நிக்க வெச்சுச் சொல்லிட்டா நம்பிக்கை வருமுங்க. பொறவு ரெண்டு மாசச் சம்பளம் செட்டில் பண்ணி அனுப்பிரலாம். வந்து நிக்கட்டும், ஒண்ணும் புரியப் போறதில்ல அந்த அம்மிணிக்கு.”

தினமும் ஒன்றரை மணி நேரம் அந்த அம்மிணியை என் வகுப்புக்கு அனுப்புவது இவரேதான் என்பது இவருக்கு ஞாபகமில்லை. ‘ரிமூவ்’ என்பதற்கு எதிர்காலம் வேண்டும், ‘வில்’ சேருங்கள் என்று மட்டும் திருத்தினேன். நான் இலக்கணம் சொல்ல வந்தவன். நிர்வாகம் செய்ய வரவில்லை.

மாலையில் கமலாம்பிகை போன் செய்தாள். பேச்சுவாக்கில் சொன்னேன்.

“அந்தம்மாட்ட சொல்லிட்டீங்களா?”

“நான் எப்படிச் சொல்வது? கம்பெனி ரகசியம்.”

“உங்க சட்டையைத் தொவச்சுக் குடுத்தவங்கதானே அவங்க?”

சிக்னல் சரியில்லை. வைத்துவிட்டேன்.

ஜூன் 27, வியாழன்

கோகிலவாணி வகுப்பு முடிந்து தயங்கி நின்றார். “சார், திங்கக்கெழம மீட்டிங்குக்கு என்னையும் வரச் சொல்லியிருக்காருங்க. எதுக்குன்னு தெரியுங்களா? மேடம் முன்னால என்ன பேசோணும்?”

கேட்டால் பதில் சொல்லுங்கள், கேட்காவிட்டால் சும்மா இருங்கள் என்றேன். இது யார் வாக்கியம் என்று அறைக்கு வந்த பிறகு யோசித்தேன். என் வாக்கியம் இல்லை.

ஜூன் 29, சனி

தலைவலி. ஊருக்குப் போகவில்லை. பன் சாப்பிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பையர் அம்மா பெயர் கிர்ஸ்டன். ஆறடி, நரைத்த முடி, ஒரு நகை கிடையாது. எம்.டி. ஆளுயர மாலை போட்டார். அம்மா அதை உடனே கழற்றி நாற்காலிக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். நீள மேஜையில் ஒரு பக்கம் அவர். எதிரில் நடுவே எம்.டி., அவருக்கு வலப்பக்கம் நான், இடப்பக்கம் லேப்டாப்போடு நவநீதன். கோகிலவாணிக்கு நாற்காலி போடவில்லை. சுவரோரம் நின்றார். எம்.டி. என்னைப் ‘ப்ரொஃபசர்’ என்று அறிமுகம் செய்தார். ஏதாவது புரியவில்லை என்றால் ப்ரொஃபசரைக் கேளுங்கள் என்றும் சொல்லி வைத்தார். ‘வீ ஆர் ஒன் ஃபேமிலி’ என்று ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வந்த ‘வீ’க்களை நான் எண்ணவில்லை.

கிர்ஸ்டன் அம்மா பையிலிருந்து ஒரு கருநீலத் துண்டையும் ஒரு போட்டோவையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். போட்டோவில் ஒரு குழந்தைச் சட்டை. வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது. நீலம்.

“ஹூ அப்ரூவ்ட் திஸ்?”

ஒத்திகையில் நான் கேட்டதைவிடத் தணிந்த குரலில்தான் கேட்டார். ஆனால் அறையே சுருங்கியது.

எம்.டி. கையைச் சுவர்ப் பக்கம் நீட்டினார். “ஷீ. ஷீ ஃபர்காட் டெஸ்டிங். வீ வில் ரிமூவ் ஹர்.”

உச்சரிப்பு நன்றாக இருந்தது. ‘வில்’லும் மறக்கவில்லை.

நான் மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனித் தரப்பில் இருந்த ஒரே ‘ஷீ’ யார் என்று விளக்க எனக்குப் பல பாடங்கள் தேவைப்பட்டிருக்கும். கோகிலவாணிக்கு ஒரு மூச்சு போதுமாயிருந்தது.

“மேடம்,” என்றார். “நோ ஃபர்காட். ஐ டெஸ்ட். ஐ ஸ்டாப். ஐ டை ரெட் டேப். ஹீ டோல்டு லோடு.” நிறுத்தினார். “ஹீ ஹிம்செல்ஃப்.”

கிர்ஸ்டன் அம்மா நிமிர்ந்தார். எம்.டி.யைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். ப்ரொஃபசர் அல்லவா?

“ஹூ இஸ் ‘ஹீ’?”

நியாயமான கேள்வி. அறையில் ஆண்கள் மூன்று பேர். எம்.டி. மேஜைக்கடியில் என் முழங்காலைத் தட்டினார், கண்ணால் நவநீதனைக் காட்டினார். நவநீதன் லேப்டாப்புக்குப் பின்னால் பாதியாகக் குறைந்திருந்தான். கோகிலவாணி என்னையே பார்த்தார், பாடம் புரியாதபோது பார்ப்பாரே, அதே பார்வை.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு ப்ரோனவுன் சுட்டக்கூடிய பெயர்கள் ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கும்போது, இலக்கணப்படி அந்த ப்ரோனவுன் ‘அம்பிகுவஸ்’ ஆகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வாக்கிய அமைப்பில் குறையே இல்லை. பதினான்கு வருட அனுபவம் பேசியது.

கிர்ஸ்டன் அம்மா என்னை இரண்டு விநாடி பார்த்தார். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார். இன்று முழுவதும் அப்புறம் பார்க்கவில்லை.

கோகிலவாணி சுவரை விட்டு நகர்ந்தார். மேஜையைச் சுற்றி நடந்து வந்தார். எங்களுக்குப் பின்னால் வந்து, எம்.டி.யின் நாற்காலி முதுகின்மேல் கையை வைத்தார்.

“திஸ் ஹீ,” என்றார்.

‘திஸ் ஹீ’ என்பது தவறு. சுட்டுச் சொல்லையும் பர்சனல் ப்ரோனவுனையும் அப்படி அடுக்கக் கூடாது. ‘திஸ் மேன்’ என்றிருக்க வேண்டும். வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

எம்.டி. சத்தமாகச் சிரித்தார். “மேடம், ஷீ லைக் மை சிஸ்டர். ஸ்மால் கன்ஃப்யூஷன்.”

அப்போது லேப்டாப் மூடும் சத்தம். நவநீதன் எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. எம்.டி.யை நேராகப் பார்த்தான்.

“யூ டோல்டு, சார்,” என்றான். “யூ டோல்டு அஸ். ஐ வாஸ் தேர். ஐ லோடட்.”

அந்த அறையில் முதல்முறையாக ஒருவன் எம்.டி.யை ‘யூ’ என்று சொன்னான். பின்னாலேயே ஒரு ‘சார்’ ஒட்டிக்கொண்டுதான் வந்தது. ஆனாலும்.

ஜூலை 2, செவ்வாய்

கிர்ஸ்டன் அம்மா நேற்று மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டுக் கோகிலவாணியோடு செக்கிங் பிரிவில் நின்றிருக்கிறார். இருவரும் வாளி வாளியாகத் துண்டு நனைத்துப் பார்த்தார்களாம். பேசிய ஆங்கிலத்தில் பாதி கை ஜாடை என்று நவநீதன் சொன்னான். சாயம் ஓடிய சரக்கு முழுவதையும் கம்பெனி மாற்றித் தர வேண்டும். இனிமேல் கோகிலவாணி கையெழுத்துப் போட்டால்தான் எந்த லாட்டும் கப்பலேறும். யாராவது தடுத்தால், அவரே நேராக டென்மார்க்குக்குச் சொல்லலாம். இதற்குச் சம்மதமென்றால் ஆர்டர் தொடரும்.

எம்.டி. சம்மதிக்க எடுத்துக்கொண்ட நேரம், பேனா மூடியைத் திறக்கும் நேரம். இன்று காலை எல்லோரையும் கூட்டி, கோகிலவாணிக்கு அதே ஆளுயர மாலையைப் போட்டார். “நாமெல்லாம் ஒரே குடும்பமுங்க. நம்ம கோகிலவாணி நமக்குக் கெடச்ச சொத்து.” எல்லோரும் கை தட்டினார்கள். கோகிலவாணி மாலையைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கொடுத்துவிட்டு, வேலையிருக்கிறதென்று போய்விட்டார்.

பிறகு எம்.டி. என்னைத் தன் அறைக்கு அழைத்தார். காபி வரவில்லை.

“ஒரு பேரு கேட்டாங்க சார். நவநீதன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமுங்க.”

“அது உண்மை இல்லையே,” என்றேன்.

“அப்ப உண்மையைச் சொல்லியிருக்கோணும். அதாச்சும் ஒரு பக்கமாயிருக்கும். உங்களுக்கு இலக்கணம் ரொம்பத் தெரியுதுங்க. எங்களுக்கு அத்தனை வேண்டியதில்லீங்க.”

நவநீதனுக்கு ஒன்றும் ஆகவில்லை. டென்மார்க் அம்மா அவனுக்கும் கை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், இனி அவனைத் தொட முடியாது. மொத்தக் கம்பெனியிலும் வேலை போனது ஒரே ஆளுக்கு. ஆங்கிலம் தெரிந்த ஆளுக்கு.

ஜூலை 3, புதன்

அறையைக் காலி செய்தேன். சொல்லிக்கொண்டு போகலாம் என்று செக்கிங் பிரிவுக்குப் போனேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் பதில் சொல்ல நிறைய வைத்திருந்தேன். கோகிலவாணி ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“சாப்பிட்டுட்டுப் போங்க சார். பஸ்ஸுக்கு நேரமிருக்குதுங்க.”

வேண்டாம் என்றேன். பின்னால் பெண்கள் துண்டுகளை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு சந்தேகமுங்க சார். அன்னைக்கு மேடத்துகிட்ட என்னமோ சொன்னீங்களே, அம்பிகுவஸ்னு. அதுக்கு என்னுங்க அர்த்தம்?”

“யாரைச் சொல்கிறோம் என்று தெளிவாகத் தெரியாமல் இருப்பது.”

யோசித்தார். கேலியே இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: “உங்களுக்குத் தெரியலீங்களா சார்?”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன்.

ஜூலை 5, வெள்ளி

மன்னார்குடி. மழை. கமலாம்பிகை என் சட்டைகளைப் பார்த்துவிட்டு, “நல்லா வெளுத்திருக்கு,” என்று மட்டும் சொன்னாள்.

ஜூலை 8, திங்கள்

திருச்சியில் ஒரு பயிற்சி நிறுவனம் ஆள் கேட்டு விளம்பரம் செய்திருக்கிறது. விண்ணப்பம் தயாரித்தேன். கடைசிப் பத்தியை அடித்து அடித்து எழுதினேன். இப்போது நன்றாக வந்திருக்கிறது: “என்னிடம் நான்கே வாரம் பயின்ற, அதற்குமுன் ஆங்கிலமே பேசியிராத பெண் ஊழியர் ஒருவர், வெளிநாட்டு வாடிக்கையாளரின் முன்னிலையில் தன் தரப்பைத் துணிவோடு ஆங்கிலத்தில் எடுத்துரைத்து, நிறுவனத்தின் ஏற்றுமதி வாய்ப்பைக் காப்பாற்றினார்.” ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

கமலாம்பிகை பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் வாங்கிப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

“அந்தம்மா பேசுறப்ப நீங்க எங்க இருந்தீங்க?”

“பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்,” என்றேன்.

யார் பக்கத்தில் என்று அவள் கேட்கவில்லை.